எதிரியின் சாட்சி

யுத்தத்தில் மூழ்கிய கப்பல்களைப் பற்றிய விவரணப் படங்களைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சபலம் உண்டு. மனித மூளையைப் பற்றிய படங்களையும் நான் விடுவதில்லை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒன்றில் கடலடியில் துருப்பிடித்துக் கிடக்கும் இரும்பு. மற்றதில் ஒரு கிண்ணத்தில் அடங்கிவிடும் சாம்பல் நிறச் சதை. ஆனால் படம் எடுக்கிறவர்கள் இரண்டிலும் நமக்கு ஒரே பாடத்தைத்தான் போதிக்கிறார்கள். இரும்பு பொய் சொல்லாது என்கிறது கப்பல் படம். ஞாபகம் பொய் சொல்லும் என்கிறது மூளைப் படம். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கப் போகிறவனுக்கு, மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரர் சொல்லும் எந்தச் சேதியையும் நம்பத் தோன்றாது.

மனிதனுடைய வாய்ச்சொல் அவ்வளவு மட்டமான சரக்குத்தானா? இந்தக் கேள்விக்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட ஒரு கப்பலின் கதையை வைத்துக்கொண்டு யோசிப்பது நல்லது என்று எனக்குப் படுகிறது. பொதுப்படையாகப் பேசினால் யார் வேண்டுமானாலும் சத்தியசந்தராகிவிடலாம்.

கப்பலின் பெயர் ஸிட்னி. ஆஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்த யுத்தக் கப்பல். 1940 ஜூலையில் கிரீட் தீவுக்கு அருகே இத்தாலியின் பார்த்தலோமியோ கொலியோனி என்ற கப்பலை மூழ்கடித்துவிட்டு, மறு வருஷம் வெற்றி வீரனாக ஊர் திரும்பியது. ஸிட்னி நகரத் தெருக்களில் அதன் மாலுமிகளுக்கு ஊர்வலம் நடந்தது. அதே 1941-ஆம் வருஷம் நவம்பர் 19-ந் தேதி மாலை, மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால், அது ஒரு வியாபாரக் கப்பலைக் கண்டது. ‘யார் நீ?’ என்று கேட்டது. டச்சுக் கப்பலான ஸ்ட்ராட் மலாக்கா என்று பதில் வந்தது. அது பொய். உண்மையில் அது கோர்மோரான் என்ற ஜெர்மன் கப்பல். பீரங்கிகளையும் டார்பிடோக்களையும் உள்ளே மறைத்து வைத்துக்கொண்டு, வேற்று நாட்டு வர்ணத்தைப் பூசிக்கொண்டு, சமுத்திரம் சமுத்திரமாகத் திரிந்து வியாபாரக் கப்பல்களைப் பிடித்து அழிப்பது அதன் தொழில். அந்த மாலைக்குள் அப்படிப் பதினொரு கப்பல்களை அது மூழ்கடித்தோ கைப்பற்றியோ விட்டிருந்தது. ஸிட்னி மெல்ல மெல்ல நெருங்கி, கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அளவுக்கு வந்துவிட்டது. ரகசியக் குறியீட்டைச் சொல் என்றது. கோர்மோரானின் தளபதி டெட்மர்ஸுக்கு அந்தக் குறியீடு தெரியாது. வேஷத்தைக் கலைத்துவிட்டுச் சுட்டார்.

இரண்டு கப்பல்களும் அன்றே அழிந்தன. கோர்மோரானில் தீப்பற்றியது, உள்ளே நூற்றுக்கணக்கான கண்ணிவெடிகள் இருந்ததால் ஜெர்மானியர்கள் அதைக் கைவிட்டுப் படகுகளில் இறங்கினார்கள். அவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் உயிர் பிழைத்தார்கள். சிலர் கார்னார்வான் என்ற சிற்றூருக்கு வடக்கே தாங்களாகவே கரை சேர்ந்தார்கள். மற்றவர்களைக் கடலிலிருந்து எடுத்தார்கள். ஸிட்னியில் இருந்தவர்கள் 645 பேர். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

எரிந்துகொண்டே தெற்காக நகர்ந்து சென்ற ஒரு வெளிச்சம், நடுராத்திரிக்குள் மறைந்துவிட்டது. இவ்வளவுதான் 645 குடும்பங்களுக்குக் கிடைத்த செய்தி. அதைச் சொன்னவர்களும் யார்? கொன்றவர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, நம்மூர்ச் சங்கதி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஸிட்னி என்ற பெயரில் அதற்கு முன்பும் ஒரு கப்பல் இருந்தது. 1914 நவம்பர் 9-ந் தேதி கொக்கோஸ் தீவுகளுக்கு அருகே எம்டனை அடித்து நொறுக்கியது அந்த முதல் ஸிட்னிதான். எம்டனை நமக்குத் தெரியும். 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கப்பல். ஹைகோர்ட்டுச் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. கல்வெட்டைவிடப் பெரிய ஞாபகச் சின்னம் நம் பாஷையில் இருக்கிறது. காரியக்காரனாகவும் கள்ளனாகவும் ஒருங்கே இருக்கும் ஆசாமியை நாம் ‘சரியான எம்டன்’ என்கிறோம்.

என் பாட்டிக்கு அப்போது எட்டு வயது. தங்கசாலைத் தெருவில் இருந்தார்கள். ராத்திரி முழுக்க எம்டன் சுட்டதாகவும், விடிய விடியத் தூங்காமல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்கு ஓடியதாகவும் அவள் சொல்வாள். எம்டன் சுட்டதோ அரை மணிக்கும் குறைந்த நேரம். பாட்டியின் கதையில் வருஷத்துக்கு வருஷம் குண்டுகள் கூடின. ஒரு வருஷம் குண்டு பக்கத்துத் தெருவில் விழுந்தது. இன்னொரு வருஷம் எங்கள் வீட்டுக் கொல்லைக்கே வந்துவிட்டது. வக்கீல் குமாஸ்தாவாக இருந்த என் மாமா, “கேட்டுக்கொள், நேற்று ஒன்று இன்று ஒன்று, குறுக்கு விசாரணையில் அரை நிமிஷம் நிற்க மாட்டாள்” என்பார். மாமா சொன்னது வாஸ்தவம். கோர்ட்டில் பாட்டி நிற்கவே மாட்டாள். ஆனால் எம்டன் வந்ததும், எண்ணெய்த் தொட்டி எரிந்ததும், வானம் சிவந்ததும், ஊர் ஓடியதும் சத்தியம். பாட்டி பொய் சொல்லவில்லை. அவள் சொன்னதில் பொய் இருந்தது. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை மாமாவுக்கு யாராலும் புரிய வைக்க முடியவில்லை.

ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். ஜெர்மானியக் கைதிகளை விசாரித்தார்கள். சண்டை எப்படி நடந்தது என்பதில் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். எங்கே நடந்தது என்று கேட்டபோது மட்டும் ஆளுக்கொரு இடத்தைச் சொன்னார்கள். கடல் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று வெகு தூரம் தள்ளித் தள்ளி விழுந்தது. போதாதா? பொய்யர்கள் என்று ஜனங்களில் பலர் முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு முழு யுத்தக் கப்பல் வேஷக் கப்பலிடம் தோற்குமா? வெள்ளைக் கொடியைக் காட்டி ஏமாற்றியிருப்பார்கள். ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று கூட இருந்திருக்கும். தண்ணீரில் தத்தளித்தவர்களைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றிருப்பார்கள். இல்லாவிட்டால் 645 பேரில் ஒருவன்கூடவா பிழைக்க மாட்டான்? இப்படிப் புஸ்தகங்கள் வந்தன. பார்லிமெண்டுக் குழு ஒன்று 1990-களின் கடைசியில் உட்கார்ந்து விசாரித்தது. அறுபது வருஷத்துக்கு மேல் இந்தச் சந்தேகம் ஆறவில்லை.

இதைப் பேதைமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மகனைப் பறிகொடுத்த தாய்க்கு, கொன்றவனே வந்து, ‘அம்மா, முறைப்படிதான் சுட்டோம், உங்கள் காப்டன் அஜாக்கிரதையாகக் கிட்டே வந்துவிட்டார்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதை நம்புவதென்றால் மகனைக் கொன்றவனை யோக்கியன் என்றும், மகனை நடத்திச் சென்றவரைத் தவறியவர் என்றும் ஒரே மூச்சில் ஒப்புக்கொள்ள வேண்டும். துரோகத்தால் செத்தான் என்பதில் கொஞ்சம் ஆறுதல் இருக்கிறது. பிசகினால் செத்தான் என்பதில் எதுவும் இல்லை. தவிர, அந்த ஜெர்மானியர்கள் பொய்யையே உத்தியோகமாகக் கொண்டவர்கள். பொய்ப் பெயர், பொய்க் கொடி, பொய் வர்ணம். வருஷம் முழுவதும் வேஷம் கட்டியவன், விசாரணை அறையில் மட்டும் அரிச்சந்திரனாகிவிடுவானா என்று கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் ஆளுக்கொரு இடத்தைச் சொன்னார்கள் என்ற அந்த ஒரு குற்றச்சாட்டு இருக்கிறதே, அதைத்தான் மூளைப் படங்கள் வேறு விதமாகப் பார்க்கச் சொல்லித் தருகின்றன. படம் எடுத்தவர்கள் எந்த உத்தேசத்தில் எடுத்தார்களோ, அது வேறு.

கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்று ஒரு மனோதத்துவப் பேராசிரியர். 1932-ல் ஞாபகத்தைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, பிறகு திரும்பச் சொல்லச் சொன்னார். ஒருவர் எழுதியதை அடுத்தவருக்குக் கொடுத்து, அவர் எழுதியதை அதற்கடுத்தவருக்குக் கொடுத்தும் பார்த்தார். கதை சுருங்கியது, விளங்காத இடங்கள் உதிர்ந்தன, கதையில் வந்த ஓடம் ஆங்கிலேயனுக்குப் பழக்கமான படகாக மாறியது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. மனிதன் ஞாபகத்தைப் பெட்டியிலிருந்து எடுப்பதில்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுகிறான் என்றார் பார்ட்லெட்.

1974-ல் எலிஸபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் அமெரிக்காவில் ஒரு மோட்டார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டார்கள். ‘வண்டிகள் மோதி நொறுங்கியபோது’ என்று கேட்டால் பார்த்தவர்கள் அதிக வேகம் சொன்னார்கள். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்டால் குறைந்த வேகம். இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததா என்றார்கள். ‘நொறுங்கியபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

ஹிப்போகாம்பஸ் என்று மூளையின் அடியில் இருபுறமும் சுருண்டு கிடக்கும் ஒரு பாகம் இருக்கிறது. 1953-ல் ஹென்றி மொலெய்ஸன் என்பவருக்கு வலிப்பு நோய் தீருவதற்காக அதன் பெரும்பகுதியை அறுத்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு, 2008-ல் இறக்கும் வரையில், புதிதாக நடந்த எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. அது பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிட அதிசயமாகப் பட்டது 2007-ல் லண்டனில் டெமிஸ் ஹஸாபிஸ், எலினோர் மக்வயர் முதலியோர் கண்டது. அந்தப் பாகம் கெட்டுப்போனவர்களிடம், ‘ஒரு கடற்கரையில் நீங்கள் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து சொல்லுங்கள்’ என்றார்கள். அவர்களால் முடியவில்லை. துண்டு துண்டாக ஏதோ வந்ததே தவிர, ஒரு காட்சி கூடவில்லை. நடந்ததை நினைக்கவும் நடக்காததைக் கற்பிக்கவும் மூளை ஒரே அடுப்பைத்தான் மூட்டுகிறது போலும்! நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது அவ்வளவு வியப்பில்லை. நிருபிக்கிற ஆள் வந்துவிட்டதில் ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஆகவே ஞாபகத்தை நம்பாதீர்கள் என்று முடிப்பது மூளைப் படங்களின் வழக்கம். ஜான் டன், கிம் கிர்ஸ்னர் என்ற இரண்டு ஆஸ்திரேலிய மனோதத்துவ நிபுணர்கள் அப்படி முடிக்கவில்லை. அவர்கள் ஜெர்மானிய மாலுமிகளின் வாக்குமூலங்களை எழுபது போலச் சேகரித்தார்கள். பொய் சொல்லத் தீர்மானித்து எல்லோரும் ஒரு கதையைப் பாடம் பண்ணியிருந்தால் அது எப்படி இருக்கும்? எல்லோரும் ஒரே இடத்தை ஒப்பிப்பார்கள். நம்மூர்க் கோர்ட்டுகளில் தயார் செய்த சாட்சியைக் கண்டுபிடிப்பதே அப்படித்தானே! உண்மையாகவே ஒன்று நடந்து, அதை நேரில் அறிந்தவர்கள் சிலராகவும், படகிலும் கைதி முகாமிலும் வாய் வழியாகக் கேட்டவர்கள் பலராகவும் இருந்து, எல்லோரும் அவரவர் ஞாபகத்திலிருந்து சொன்னால் எப்படிச் சிதறும்? அதற்குப் பார்ட்லெட்டின் பழைய கணக்கு இருந்தது. ஜெர்மானியர் பேச்சு சிதறிய விதத்தை அந்தக் கதை சிதறிய விதத்தோடு ஒப்பிட்டார்கள். ஜாடை ஒத்தது. நடுக்கடலில் கப்பலின் நிலையைக் கணக்கிடுவது அதிகாரிகள் சிலரின் வேலை. அடுப்படியில் இருந்தவனும் எஞ்சின் அறையில் இருந்தவனும் கேள்விப்பட்டதைத்தானே சொல்ல முடியும்?

அதன் பிறகு அவர்கள் செய்த காரியம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. இவன் மெய்யன், அவன் புளுகன் என்று பிரிக்கவில்லை. ஒவ்வொருவன் சொல்லிலும் கொஞ்சம் உண்மையும் கொஞ்சம் பிசகும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, எல்லாச் சொற்களோடும் மிகக் குறைவாக முரண்படும் இடம் எது என்று தேடினார்கள். ஒரு புள்ளி கிடைத்தது.

2008 மார்ச்சில் டேவிட் மியர்ன்ஸ் என்பவர் தலைமையில் கப்பல் தேடும் கூட்டம் போயிற்று. அவர் தம் வழியில், பழைய ஆவணங்களையும் டெட்மர்ஸ் சொன்ன இடத்தையும் ஆராய்ந்துகொண்டு போனவர். 2001-ல் ஹூட் என்ற பிரிட்டிஷ் கப்பலைக் கண்டுபிடித்த அனுபவஸ்தர். முதலில் கோர்மோரான் அகப்பட்டது. சில நாட்களில், அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பால், ஏறக்குறைய 2,470 மீட்டர் ஆழத்தில் ஸிட்னி கிடந்தது. டன்னும் கிர்ஸ்னரும் வைத்த புள்ளி அதிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான் விலகியிருந்தது. ஆளுக்கொன்றாக உளறுகிறார்கள் என்று ஒதுக்கப்பட்ட பேச்சுகளை ஒன்றாகக் கூட்டியதில், மகா சமுத்திரத்தில் ஐந்து கிலோமீட்டர்!

காமிரா கீழே இறங்கியது. முன்பகுதி டார்பிடோவால் முறிந்து தனியே கிடந்தது. தளபதி நின்ற மேடை சின்னாபின்னமாகியிருந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட பெரிய குண்டுகள் தாக்கியிருந்தன என்று பிறகு கணக்கிட்டார்கள். முதலில் மேடையைச் சுட்டோம், டார்பிடோ முன்பக்கம் தாக்கியது, கப்பல் எரிந்துகொண்டே தெற்கே போயிற்று என்று கைதிகள் 1941-ல் சொன்னார்களே, அதற்கு மாறாக அங்கே ஒன்றும் இல்லை. படகுகள் எல்லாம் சிதைந்திருந்ததைப் பார்த்தால், ஏன் ஒருவனும் பிழைக்கவில்லை என்பதற்கு வேறு கதை தேட வேண்டியதில்லை.

2009-ல் டெரன்ஸ் கோல் என்ற நீதிபதியின் விசாரணை அறிக்கை வெளிவந்தது. ஜப்பானிய நீர்மூழ்கி கிடையாது, தண்ணீரில் கிடந்தவர்களைச் சுட்டதற்குச் சான்று கிடையாது என்றது. சந்தேகத்துக்குரிய கப்பலாக எண்ணி எட்ட நின்றிருக்க வேண்டிய காப்டன் பர்னெட் கிட்டே போனார் என்றது. பர்னெட்டும் அந்த 645 பேரில் ஒருவர். தம் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய் இல்லை. அதை நினைத்தால் அந்த வரியைப் படிக்க எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இறந்தவர்களில் ஒருவன் மட்டும் பேசினான் என்று சொல்லலாம். 1942 பிப்ரவரியில் கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே உயிர்காக்கும் மிதவை ஒன்று மிதந்து வந்தது. அதில் ஒரு மாலுமியின் சடலம். தீவிலேயே புதைத்தார்கள். 2006-ல் தோண்டி எடுத்தபோது மண்டையோட்டில் ஓர் உலோகத் துண்டு இருந்தது. பார்த்தீர்களா, துப்பாக்கிக் குண்டு, மிதவையில் இருந்தவனைச் சுட்டிருக்கிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. பரிசோதித்ததில் அது வெடித்த பீரங்கிக் குண்டின் சில்லு என்று தெரிந்தது. 2021-ல், மரபணுவை ஒப்பிட்டு, தாமஸ் வெல்ஸ்பி கிளார்க் என்று அவனுக்குப் பெயரும் கிடைத்தது. எண்பது வருஷங்களாக ஊர் பேர் தெரியாதவனாகக் கிடந்த அந்தப் பிள்ளையின் எலும்பும் எதிரி சொன்னதைப் பொய்யாக்கவில்லை.

ஆக, இரும்பு பொய் சொல்லாது என்பது சரி. ஆனால் மனிதர்கள் சொன்ன பிறகுதானே இரும்பைப் போய்ப் பார்க்க முடிந்தது? அறுபத்தாறு வருஷம் அது சும்மாதான் கிடந்தது. கப்பல் படங்களில் இந்தப் பகுதி எப்போதும் இரண்டு நிமிஷத்தில் ஓடிவிடும். பிறகு ஒரு மணி நேரம் நீல வெளிச்சமும் சங்கீதமும்.

எதிரியின் பேச்சை உடனே நம்பிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கொன்றவனே ஒரே சாட்சியாக இருக்கும் இடத்தில் சந்தேகப்படுவது கடமை. பேச்சு மாறி மாறி வருவதாலேயே அது உண்மையாகிவிடாது. திறமையில்லாத பொய்யும் மாறி மாறித்தான் வரும். ஆனால் சந்தேகப்படுகிறவன் அதோடு நின்றுவிட்டால் அது சோம்பேறித்தனம். எந்த விதமாக மாறுகிறது, மாறாமல் எது நிற்கிறது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். நமக்குக் கசக்கிற சாட்சிக்கு அந்த உழைப்பைக் கூலியாகக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. இனிக்கிற சாட்சியைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். அவனுக்கு எல்லாம் தானாகக் கிடைத்துவிடும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. வேற்று நாட்டுக் கொடியை ஏற்றிக்கொண்டு கடலில் போவது யுத்த தர்மத்துக்கு விரோதமில்லை. ஆனால் சுடுவதற்கு முன் அதை இறக்கிச் சொந்தக் கொடியை ஏற்றிவிட வேண்டும். டச்சுக் கொடியை இறக்கி, ஜெர்மன் கொடியை ஏற்றி, அதன் பிறகே சுட்டேன் என்றார் டெட்மர்ஸ். விசாரணையில் அப்படிச் சொன்னார். 1945-ல் கைதி முகாமிலிருந்து தப்பி ஓடிப் பிடிபட்டபோது அவரிடம் ஓர் அகராதி இருந்தது. அதில் எழுத்துகளுக்கு அடியில் பென்ஸிலால் பொடிப் பொடிப் புள்ளிகள். அந்த எழுத்துகளை வரிசையாகக் கோத்துப் பார்த்தால் சண்டையின் வரலாறு வந்தது. முன்பு சொன்னதிலிருந்து அது பெரிதாக மாறவில்லை. அதுவும் நம்மை ஏமாற்றப் போட்ட நாடகம் என்று சொன்னவர்கள் உண்டு. 1976-ல் அவர் இறந்துபோனார்; கப்பல்கள் அகப்பட்டதைப் பார்க்கவில்லை.

கொடி முதலில் ஏறியதா, குண்டு முதலில் பறந்ததா? அதைக் கடலடியில் எந்தக் காமிராவாலும் பார்க்க முடியாது. துணி மக்கிப் போயிருக்கும். மக்காமல் இருந்தாலும் அது எந்த விநாடியில் ஏறியது என்று சொல்லாது. அதற்கு இன்றுவரை இருக்கும் சாட்சியம், அங்கே இருந்து பிழைத்த அந்த மாலுமிகளின் பேச்சு ஒன்றுதான். சோதித்துப் பார்க்க முடிந்த இடங்களில் அவர்கள் சொன்னது நின்றிருக்கிறது. சோதிக்க முடியாத இந்த ஓர் இடத்தில், டெட்மர்ஸின் சுயநலமும் இதில் கலந்திருக்கிறது என்று தெரிந்தே, நான் அவர்களை நம்புகிறேன். ஸிட்னியில் மகனையோ அண்ணனையோ இழந்த ஒரு வீட்டில் பிறந்திருந்தால் நம்பியிருப்பேனா என்று கேட்டால், அந்த வீட்டில் பிறந்தவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.